வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பிரவுசர் நம்பகமானது? (கோட்டையூரில் அப்பச்சி, ஆத்தாவுக்காகக் கேட்கிறேன்)

கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பச்சியும் ஆத்தாவும் (எங்கள் பக்கம் அப்பா, அம்மாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) கோட்டையூர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். பேங்க் கணக்கு பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, பட்டா, வில்லங்கச் சான்று எடுப்பது, செய்தி படிப்பது, யூடியூபில் கம்பன் விழாப் பேச்சுகள் கேட்பது, ராத்திரி எங்களோடு வீடியோ கால் பேசுவது, இவ்வளவுதான் உபயோகம்.

இப்போது அதில் குரோம் இருக்கிறது. திறந்தால் கூகுளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஏதோ தேடல் பக்கம் வருகிறது. திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாக எழும்புகிறது. அப்பச்சி பயந்துபோய் எனக்குப் போன் செய்கிறார். அந்த மிஷினிலேயே பேங்க் பாஸ்வேர்டையும் அடிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு நல்ல பிரவுசர் போட வேண்டும். எதைப் போடலாம்? ஊரில் பெரியம்மா மகன் இருக்கிறான். விவரமாகச் சொன்னால் அவன் செய்துகொடுப்பான்.

தேவகோட்டை சர்வீஸ்

தம்பி, பிரவுசருக்கு முன்னால் விண்டோஸைப் பார்த்துவிடுவோம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகக்காரர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு, 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறார்கள். அது தானாக வராது, பதிவு செய்ய வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். உங்கள் தம்பியை முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கடைக்கு இன்னும் விண்டோஸ் 7 மிஷின்கள் வருகின்றன. "குரோம் போட்டிருக்கேன், பத்திரம்தானே?" என்று கேட்கிறார்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109. அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் எதுவும் அந்த மிஷினில் அடைபடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பை வைத்து அந்தப் பழைய விண்டோஸுக்குத் திரும்பத் திரும்பக் காலத்தை நீட்டிக்கொடுத்தது. அதையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது. வாசல் நிலை முழுக்கக் கரையான் அரித்திருக்கும்போது பர்மாத் தேக்கில் கதவு மட்டும் போட்டு என்ன பயன்?

உங்கள் மிஷின் அந்த நிலையில் இல்லை. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுமே விண்டோஸ் 10-க்கு இன்னும் அப்டேட் கொடுக்கின்றன. எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரையாவது கொடுப்போம் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

வளவுவாசி

என்னுடைய ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு. காரணத்தோடு சொல்கிறேன்.

விண்டோஸில் பரவலாகப் பார்க்கும் பிரவுசர் எல்லாம் வெவ்வேறு பெயரில் இருக்கிறதே தவிர உள்ளே இன்ஜின் (வலைப்பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி) இரண்டே வகைதான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே கூகுளின் குரோமியத்தை வைத்துக் கட்டியவை. எட்ஜும் 2020 ஜனவரியில் அந்தப் பக்கம் போய்விட்டது. மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 2004-இலிருந்து கெக்கோ என்ற சொந்த இன்ஜினில் ஓடுகிறது. ஆப்பிளின் சஃபாரி விண்டோஸுக்கு வருவது 2012-லேயே நின்றுபோனது.

இரண்டாவது, விளம்பரத் தடுப்பு. வயதானவர்கள் ஏமாறும் இடமே விளம்பரம்தான். பச்சை நிறத்தில் பெரிதாக "டவுன்லோட்" என்று இருக்கும், அது விளம்பரமாக இருக்கும். யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராம்) இதையெல்லாம் கண்ணிலேயே காட்டாது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதியை மாற்றியதில் (மேனிஃபெஸ்ட் வி3 என்பார்கள்) முழு யூபிளாக் ஆரிஜின் அங்கே ஓடாமல் போய்விட்டது. யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்னப் பதிப்புதான் கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழுசாகவே ஓடுகிறது.

மூன்றாவது, தளம் விட்டுத் தளம் நம்மைப் பின்தொடரும் குக்கீ (தளங்கள் நம் மிஷினில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு). ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. நாம் எதுவும் அமைக்க வேண்டியதில்லை. குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயை (நாம் திறந்த தளம் அல்லாத வேறு தளம் வைப்பது) எடுத்துவிடுவோம் என்று கூகுள் 2020-இல் சொன்னது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2024-இல் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது.

கூடவே ஒன்று, மெனு எல்லாம் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆத்தாவுக்கு உதவும்.

பள்ளத்தூர் ரிட்டயர்டு

நான் அந்த வயதுக்காரன் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருவீர்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போய்விடுவீர்கள். அதன் பிறகு பேங்க் பக்கம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். தேடும்போதுதான் ஆபத்து. பேங்க் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்தால் மேலே வருவது பேங்க்கா, விளம்பரமா என்று எங்களுக்குத் தெரியாது.

அதனால் எந்த பிரவுசர் போட்டாலும் பேங்க், மின்வாரியம், பட்டா, பதிவுத்துறை இந்த நாலையும் புக்மார்க் பட்டியில் தமிழில் பெயரெழுதி வைத்துக்கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். எனக்கு என் மகள் 125 சதவீதம் வைத்துக்கொடுத்தாள், கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். பிரவுசர் எது என்பதைவிட இது எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

அப்பத்தா வீட்டுப் பேத்தி

பள்ளத்தூர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

கோட்டையூர் அண்ணே, நீங்கள் சொல்லும் அந்த "5 வைரஸ்" பெட்டி பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் "அறிவிப்புகளைக் காட்ட அனுமதிக்கவா?" என்று கேட்டிருக்கும், அப்பச்சி "அனுமதி" அழுத்தியிருப்பார். அன்றிலிருந்து அந்தத் தளம் நேரே திரை மூலைக்கே விளம்பரம் அனுப்புகிறது. எங்கள் அப்பத்தா கம்ப்யூட்டரிலும் இதேதான் நடந்தது. குரோமில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனால் அனுமதித்த தளங்களின் பட்டியல் இருக்கும். அத்தனையையும் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் இதே அமைப்பு உண்டு. பேங்க்குக்கோ பட்டாவுக்கோ அறிவிப்பு அனுமதி தேவையே இல்லை, அதனால் நஷ்டம் எதுவும் வராது.

தேடல் பக்கம் மாறியதற்குக் காரணம் ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனாக இருக்கும். புதிர்த் துண்டு மாதிரி இருக்கும் ஐகானை அழுத்தி, என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபீஸ் மிஷினில் அது சகஜம். வீட்டு மிஷினில் இருந்தால் சில நேரம் ஆன்டிவைரஸ் செய்த வேலையாக இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு புரோகிராம் பிரவுசரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

காரைக்குடி கணக்குப்பிள்ளை

ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம்முடைய அரசுத் தளங்களும் சில பேங்க் தளங்களும் குரோமை மனதில் வைத்தே செய்தவை. எப்போதாவது ஃபயர்ஃபாக்ஸில் பட்டன் வேலை செய்யாது, பிடிஎஃப் திறக்காது. அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் என்ன செய்வார்? பக்கத்துக் கடைக்குப் போய் பாஸ்வேர்டைச் சொல்லிக் கட்டிவரச் சொல்வார். அது இன்னும் மோசம்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வேலை செய்கிற எங்களுக்கு எட்ஜ்தான் கைகொடுக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது, ஆனால் எட்ஜுக்குள் ஐஇ மோட் என்று, பழைய எக்ஸ்புளோரர் மாதிரியே ஓடும் வசதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பழைய தளங்களுக்கு அது போதும். வீட்டுக்கு இந்த வசதி தேவைப்படாது, யாராவது சொந்தத் தொழில் கணக்கு பார்ப்பவர்கள் படித்தால் உதவும் என்று சொல்கிறேன்.

பேங்க் விஷயத்தில் இன்னொன்று. ரிசர்வ் வங்கி சொன்னபடி நம் நாட்டு பேங்க்குகள் எல்லாம் 2025 அக்டோபர் இறுதிக்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. பேங்க்குகளுக்கு மட்டுமே அந்த முடிவு கிடைக்கும், கண்டவர்கள் வாங்க முடியாது. அப்பச்சியின் புக்மார்க்கில் பழைய முகவரி இருந்தால் புதியதாக மாற்றிவிடுங்கள். முகவரியின் கடைசியைப் பார்க்க மட்டும் பழக்கிவிட்டால் போலித் தளத்தில் விழுவது வெகுவாகக் குறையும். பூட்டுப் படத்தை நம்பச் சொல்லாதீர்கள். இணைப்பு மறையாக்கப்பட்டிருக்கிறது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு, எதிரே இருப்பவன் நல்லவன் என்பதற்கு இல்லை. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கலாம். இதனால்தான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஐகான் வைத்தது.

வளவுவாசி

கணக்குப்பிள்ளை அண்ணே, அரசுத் தளம் ஒத்துழைக்காத பிரச்சினை எனக்கும் தெரியும். அதற்கு வழி, இரண்டு பிரவுசர் வைப்பது. எட்ஜ் ஏற்கெனவே விண்டோஸோடு வருகிறது. எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லாமல் அதைச் சுத்தமாக வைத்து பேங்க்குக்கும் அரசு வேலைக்கும் மட்டும் கொடுங்கள். செய்தி, யூடியூப், மற்ற எல்லாம் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக்கும். குரோமை எடுத்துவிடலாம். இரண்டும் வெவ்வேறு பிரவுசர் என்பதால் செய்தித் தளத்தில் ஏறிய குக்கீயோ எக்ஸ்டென்ஷனோ பேங்க் பக்கத்தைத் தொடாது.

பள்ளத்தூர் ரிட்டயர்டு

இரண்டு வைத்தால் எங்களுக்குக் குழப்பம் என்று முதலில் சொல்ல நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் பெயரைச் சொல்லிக் கொடுத்தால்தான் குழப்பம். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானுக்கு "பேங்க்" என்றும் இன்னொன்றுக்கு "படிக்க, பார்க்க" என்றும் பெயர் மாற்றி வைத்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும். எட்ஜா ஃபயர்ஃபாக்ஸா என்று எங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

செக்காலைத் தெரு

பிரேவ் பற்றி யாரும் பேசவில்லையே? விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, வேகமும் நன்றாக இருக்கிறது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஓபராவில் இலவச விபிஎன் (நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) கூட இருக்கிறது.

தேவகோட்டை சர்வீஸ்

பிரேவ் கெட்டதில்லை தம்பி, பாதுகாப்பும் வேகமும் சரிதான். ஆனால் அதில் கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் என்றெல்லாம் இருக்கிறது. அணைத்து வைக்கலாம், அணைத்தது அணைந்தே இருக்கிறதா என்று பார்க்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அதனால் பெரியவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. ஓபரா 2016-இல் ஒரு சீன முதலீட்டுக் கூட்டமைப்பின் கைக்குப் போனது. இலவச விபிஎன் என்பது வீட்டு பேங்க் வேலைக்குத் தேவையில்லாத ஒன்று. நடுவில் இன்னொருவரை எதற்கு உட்கார வைக்க வேண்டும்? யூசி பிரவுசரை 2020 ஜூனில் நம் அரசே தடை செய்துவிட்டது. யாருடைய பழைய போனிலாவது இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஒரு பிரவுசரை நான் எப்படி எடைபோடுகிறேன் என்றால், ஓட்டை தெரிந்தால் எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்கள், அடைத்தது மிஷினுக்குத் தானாக வந்து சேர்கிறதா, இந்த இரண்டுதான். குரோம் 2023 ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறது. எட்ஜும் ஃபயர்ஃபாக்ஸும் ஓட்டையை அடைப்பதில் பின்தங்கவில்லை. நம் நாட்டுக் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு இந்த மூன்றுக்குமே எச்சரிக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்து "குரோம் ஆபத்தாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். எச்சரிக்கையைக் கடைசி வரை படித்தால் "புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்றுதான் இருக்கும்.

அந்த அப்டேட் இறங்கினாலும் பிரவுசரை மூடித் திறக்கும்வரை அமலுக்கு வராது. பெரியவர்கள் பலர் மிஷினை ஷட்டவுன் செய்வதே இல்லை, மானிட்டரை மட்டும் அணைக்கிறார்கள். பிரவுசர் மாசக்கணக்கில் திறந்தே கிடக்கும், அப்டேட் வாசலில் காத்துக்கிடக்கும். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், மிஷினை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பழக்குங்கள். பிறகு மெனுவில் உதவி, "பற்றி" என்ற பக்கத்தைத் திறந்தால் புதிய பதிப்பா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

டவுன்லோட் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. தேடல் பெட்டியில் பிரவுசர் பெயரை அடித்து முதலில் வருவதை அழுத்தாதீர்கள். போலி இன்ஸ்டாலரை விளம்பரமாகப் போடுகிறார்கள். மோசில்லாவின் முகவரியை முகவரிப் பட்டியில் நேரே அடித்து, அங்கிருந்து ஃபயர்ஃபாக்ஸை எடுங்கள்.

மித்திராவயல் வாத்தியார்

2026 அக்டோபருக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் பழைய மிஷின்களில் பெரும்பாலும் இருக்காது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் ஏற்கும். அப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம். ஃபயர்ஃபாக்ஸ் அதோடு சேர்ந்தே வரும், தமிழ்த் தட்டச்சும் உண்டு, 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும். நீங்கள் இப்போதே அப்பச்சியை ஃபயர்ஃபாக்ஸுக்குப் பழக்கிவிட்டால், கீழே விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டும் வளவுவாசி பக்கம்தான்.

கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பிரவுசர் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம் மட்டும். பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்கலாமா? ஆத்தா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், அது தப்பா? அப்புறம், திரை முழுக்க "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த நம்பருக்கு அழையுங்கள்" என்று வந்தால் என்ன செய்யச் சொல்வது?

அப்பத்தா வீட்டுப் பேத்தி

நோட்டு தப்பே இல்லை அண்ணே. வெளிநாட்டிலிருந்து திருடுகிறவன் கோட்டையூர் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்க முடியாது. எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் தப்பு. நோட்டில் தளத்துக்கு ஒன்றாக எழுதிப் பெட்டியில் வைக்கட்டும். பேங்க் பாஸ்வேர்டை எந்த பிரவுசரிலும் சேமிக்க வேண்டாம். செய்தித்தாள் சந்தா, யூடியூப் மாதிரியானவற்றை ஃபயர்ஃபாக்ஸில் சேமிக்கலாம், அதில் முதன்மைக் கடவுச்சொல் என்று ஒன்று வைத்துப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

முழுத்திரை மிரட்டல் வந்தால் எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வரலாம். பிறகு ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தினால் மூடிவிடும். எதுவுமே நடக்கவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மிஷினையே அணைத்துவிடலாம், பொதுவாக ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த நம்பருக்கு மட்டும் போன் செய்யக் கூடாது. போன் செய்தால் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி, திரையை அவன் கைக்கு எடுத்துக்கொள்வான். அதற்குப் பிறகு எந்த பிரவுசராலும் காப்பாற்ற முடியாது. எங்கள் அப்பத்தா மானிட்டருக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: "திரையில் வரும் எந்த நம்பருக்கும் பேச வேண்டாம். எனக்குப் போன் செய்யவும்." அதற்குக் கீழே 1930 என்று எழுதியிருக்கிறோம். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

கோட்டையூர்க்காரன்

இன்று தம்பி வீட்டுக்குப் போய் முடித்துவிட்டான். விண்டோஸ் 10 கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்தாயிற்று. குரோமில் பேத்தி சொன்னபடி பார்த்தால் அறிவிப்புப் பட்டியலில் கேள்விப்படாத தளங்கள் வரிசையாக இருந்தன, கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்த பிறகு, சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று குரோமையே நீக்கிவிட்டோம். புக்மார்க்கை மட்டும் முன்னதாக ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றிக்கொண்டான். விண்டோஸ் டிஃபெண்டரில் முழு ஸ்கேனும் ஓட்டினான். பேங்க் பாஸ்வேர்டை அப்பச்சி என்னோடு வீடியோ காலில் இருந்தபடியே புதிதாக மாற்றினார். "பேங்க்" ஐகான் எட்ஜ், "படிக்க, பார்க்க" ஐகான் ஃபயர்ஃபாக்ஸ். எழுத்து 125 சதவீதம். ஆத்தா மெனுவைத் தமிழில் பார்த்துவிட்டு இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றுதான் மிச்சம். மோடம் முகப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டர் உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில். நடுவில் இருக்கும் சுவரில் வைஃபை பாதிதான் வருகிறது. அப்டேட் இறங்குவது பாதியில் நின்றுவிடுகிறது.

தேவகோட்டை சர்வீஸ்

நம்ம ஊர்ச் சுவரின் கனத்தில் எந்த ரூட்டரும் திணறும். ரிப்பீட்டர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்) ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து டெஸ்க்டாப்பில் நேரே செருகிவிடுங்கள். கேட்6 கேபிள் வாங்குங்கள், வளவில் மழைத்தண்ணீர் படும் இடத்தில் மட்டும் பிவிசி பைப்புக்குள் விட்டு எடுங்கள். சுவரைத் துளைக்க வேண்டாம், கதவு நிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட இடைவெளி இருந்தால் அதன் வழியாகவே போகும்.